ஆடி அமாவாசையன்று கன்னியாகுமரிக்குப் போய்வர நான் பட்ட பாடு

என் அப்பா இருந்தவரை ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் கன்னியாகுமரிக்குப் போய்த் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்பிவிடுவார். விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை வேலையில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, இதில் ஓர் ஆண்டுகூடத் தவறியதில்லை. எந்த வழியாகப் போகிறார், எந்த வண்டியில் ஏறுகிறார் என்று நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு அவர் காலமாகி, அவருக்கே நான் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டிய முதல் ஆடி அமாவாசை வந்தபோது, அப்பா போன அதே இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டேன். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக மனைவி கோயம்புத்தூருக்குப் போயிருந்தாள். வீட்டில் எழுபத்தாறு வயது அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிடலாம், பக்கத்தில் இருக்கிற ஊர்தானே என்று நினைத்தேன். அந்த நினைப்பால் எனக்குப் பதினெட்டு மணி நேரமும், தேவையில்லாமல் ஆயிரம் ரூபாய்க்கு மேலும் செலவாயின. அதைவிட, அம்மாவை அன்று முழுவதும் பட்டினி போட்டுவிட்டேன் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து முதன்முறையாகக் குமரிக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதல் தவறு வீட்டு வாசலிலேயே நேர்ந்தது. சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி அதிவிரைவு வண்டி விடியுமுன் திருநெல்வேலியைக் கடந்து போகும். அதைப் பிடித்துவிட்டால் நேரே குமரியிலேயே இறங்கலாம் என்பது என் திட்டம். நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிக்குத் தென்காசிப் பக்கமிருந்து ஒரு பேருந்து வரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, இரண்டு மணிக்கே போய் நின்றேன். பேருந்து வரவில்லை. நான்கு மணிக்குச் சற்று முன்பு பாபநாசம் நோக்கி வரிசையாகச் சிறப்புப் பேருந்துகள் போனபோதுதான் உறைத்தது. ஆடி அமாவாசை என்றாலே எங்கள் வட்டாரத்தில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழா. பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து மலையில் தங்குவார்கள், அவர்களுக்காக நிறைய வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். சிறு வயதிலிருந்து பார்த்து வருகிற ஒன்றை, எதிர்த்திசையில் பயணம் செய்யப்போகிற நாளில் மறந்து நின்றேன். ஆகவே அமாவாசை, விசாகம், சூரசம்ஹாரம் போன்ற நாட்களில் நீங்கள் போகிற ஊரின் கூட்டத்தை மட்டும் கணக்கிடாதீர்கள். உங்கள் வட்டாரத்துப் பேருந்துகள் அன்று எந்தத் திருவிழாவுக்குப் போகின்றன என்பதையும் முதல் நாள் மாலையே பேருந்து நிலைய நேரக்காப்பாளரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். விடியுமுன் வரும் ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே திருநெல்வேலிக்கு வந்து தங்குவதைத் தவிர நம்பகமான வழி எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது.

நான்கேகாலுக்குக் கிடைத்த பேருந்து திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. நான் பிடிக்க நினைத்த ரயில் அதற்குள் நாகர்கோவிலைத் தாண்டியிருக்கும். அப்போதும் என் மனம் ரயிலையே பற்றிக்கொண்டிருந்தது. புதிய பேருந்து நிலையமும் ரயில் சந்திப்பும் வெவ்வேறு இடங்கள், இடையில் சில கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. அந்த நேரத்தில் நகரப் பேருந்து எதுவும் கண்ணில் படாததால் ஆட்டோக்காரர் கேட்ட இருநூறு ரூபாயைக் கொடுத்து ஏறினேன். ஆட்டோ திரும்பும்போது, உள்விளக்கு எரிந்தபடி, பாதி இருக்கைகள் காலியாக, நாகர்கோவில் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. நடத்துநர் படிக்கட்டில் நின்று "நாரோயில், நாரோயில்" என்று கூவிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி இப்போதும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. இறங்கி அதில் ஏறியிருந்தால் ஏழு மணிக்கெல்லாம் நாகர்கோவிலில் இருந்திருப்பேன். திட்டமிட்ட வண்டி போய்விட்ட பிறகு பழைய திட்டத்தையே துரத்தாமல், நிற்கிற இடத்திலிருந்து எது கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

சந்திப்பில் கன்னியாகுமரிக்கு முன்பதிவில்லாப் பயணச்சீட்டு எடுத்தேன். அடுத்து வந்தது கேரளம் செல்லும் ஒரு விரைவு வண்டி. நாகர்கோவில் வழியாகத்தான் போகும் என்று நடைமேடையில் ஒருவர் சொன்னார், அது உண்மையும்கூட. பொதுப் பெட்டியில் காலை வைக்கவும் இடமில்லை. ஒரு மணி நேரப் பயணம்தானே என்று படுக்கை வசதிப் பெட்டியில் ஏறிக் கதவோரம் நின்றேன். நாங்குநேரி தாண்டியதும் பரிசோதகர் வந்தார். கடுமையாக எதுவும் பேசவில்லை. "சார், இந்தச் சீட்டுக்கு இந்தப் பெட்டி கிடையாது" என்று சொல்லிவிட்டு, கட்டண வித்தியாசமும் அபராதமுமாக முந்நூற்று அறுபது ரூபாய்க்கு ரசீது எழுதினார். சுற்றி நின்றவர்கள் பார்க்க, அப்பாவின் மஞ்சள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சட்டைப்பையைத் துழாவியபோது எனக்கு ஏற்பட்ட கூச்சம் பணத்தைவிடப் பெரிது. தவறு என்னுடையதுதான். தெரிந்துகொள்ள வேண்டியவை இவை: குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய், வித்தியாசக் கட்டணம் அதற்கு மேல். அதிவிரைவு வண்டியில் போவதானால் சாதாரண விரைவு வண்டிச் சீட்டு போதாது, இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல் கட்டணம் சேர்த்து வாங்க வேண்டும், ஆகவே சீட்டு எடுக்கும்போதே எந்த வண்டி என்று சொல்லிவிடுங்கள். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லாச் சீட்டு பொதுவாக எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணம் தொடங்கினால்தான் செல்லும் என்பதால், முதல் நாளே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பழைய கணக்கை வைத்துக்கொண்டு பணம் எடுத்துப் போகாதீர்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ரயிலில் குமரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டியது. நாகர்கோவில் என்று எழுதிய இடத்தில் இறங்கிய பிறகுதான் அது நாகர்கோவில் டவுன் நிலையம் என்று தெரிந்தது. குமரிக்குப் பிரியும் பாதை கோட்டாறு பக்கம் இருக்கும் நாகர்கோவில் சந்திப்பிலிருந்துதான் போகிறது. கேரளத்துக்குப் போகும் சில வண்டிகள் சந்திப்புக்குள் நுழையாமல் டவுன் நிலையத்தில் மட்டும் நின்று போய்விடும், அப்படிப்பட்ட ஒன்றில்தான் நான் ஏறியிருந்தேன். என் கையில் கன்னியாகுமரி வரைக்கும் சீட்டு இருந்தது, போக வண்டி இல்லை. ரயிலில் போவதென்றால் அது கடைசியாக எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி வரை போகும் வண்டிகள் ஒரு வகை. நாகர்கோவில் சந்திப்போடு முடிந்துவிடுபவை இன்னொரு வகை, 2024 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிய சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத்தும் அவற்றில் ஒன்று. டவுன் நிலையத்தோடு கேரளத்துக்குத் திரும்பிவிடுபவை மூன்றாம் வகை. முதல் வகையில் போனால் இறங்கியதும் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மற்ற இரண்டு வகையிலும் போகிறவர்கள், நாகர்கோவிலிலிருந்து குமரி வரையுள்ள ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சாலைக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

அந்த இருபது கிலோமீட்டர்தான் என்னைக் களைப்பாக்கியது. ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்து அண்ணா பேருந்து நிலையத்துக்கு வந்தேன். நாகர்கோவிலில் வடசேரி, அண்ணா என இரண்டு பேருந்து நிலையங்கள் உண்டு. திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள் வடசேரியில் இறங்குவார்கள், இறங்கியதும் குமரிப் பேருந்து எங்கே நிற்கும் என்று நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. குமரிக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், குடும்பமாகப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி செலவு குறைந்தது. ஆனால் அமாவாசையன்று மூன்று பேருந்துகளை விட்டுவிட்டு நான்காவதில்தான் படியில் நிற்க இடம் கிடைத்தது. சுசீந்திரம், கொட்டாரம் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து கடந்தோம். விவேகானந்தபுரத்துக்கு முன்பே நெரிசலில் வண்டி அசையாமல் நின்றுவிட, இனி நடக்கலாம் என்று இறங்கினேன். மற்றவர்களும் இறங்கினார்கள். ஆடிக் காற்று எதிர்முகமாக அடிக்க, மண்ணும் உப்பும் கண்ணில் விழ, இடுப்புப் பிடிப்போடு நடந்து முக்கடல் சங்கமத்தை அடைந்தபோது மணி பத்தரை. ஆறு மணிக்கு அங்கே இருந்திருக்க வேண்டியவன் நான்.

கடலில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் வந்து அமர்ந்தேன். வாழையிலையில் வைத்த எள்ளை அள்ளி அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது, காற்று உள்ளங்கை எள்ளில் பாதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிரே இருந்த புரோகிதர் ஒன்றும் சொல்லாமல் தம் இரு கைகளையும் என் கையைச் சுற்றிக் குவித்துக் காற்றை மறைத்தார். அந்த மறைவில்தான் மிச்ச எள்ளும் தண்ணீரும் விரல் வழியே இறங்கின. அலைச்சல் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் மறந்துபோனது. அவருக்குக் கொடுத்த முந்நூறு ரூபாயை நான் செலவுக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பகவதி அம்மன் கோயிலில் ஆண்டில் சில நாட்களே திறக்கும் கிழக்கு வாசல் அன்று திறந்திருந்தது, ஆனால் வரிசையைப் பார்த்து வெளியே நின்றே கும்பிட்டுவிட்டேன். விவேகானந்தர் பாறைக்குப் போகலாம் என்று பிள்ளைகளோடு வந்திருந்த பலர் படகுத்துறையில் காத்திருந்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்தாலோ, காற்று மிஞ்சினாலோ படகை நிறுத்திவிடுவது அங்கே வழக்கம். திருவள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்த பிறகும், கரையிலிருந்து போக அதே படகுதான். படகுப் பயணத்தை முக்கியமாக நினைத்து வருகிறவர்கள் இந்த இரண்டு நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. தர்ப்பணத்தையும் சுற்றுலாவையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டும் சரியாக அமையாது.

மதியம் இரண்டு மணிக்கு அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "நீ மெதுவா வாய்யா, நான் சாப்ட்டாச்சு" என்றாள். அந்த நிம்மதியில்தான் அடுத்த தவறைச் செய்தேன். பேருந்து நிலையத்தில் கூட்டம் வளைந்து வளைந்து நின்றது. "திருநெல்வேலி, நாலு சீட்டு, உடனே எடுத்திருவோம் அண்ணாச்சி" என்று ஒருவர் கூப்பிட, ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு காரில் ஏறினேன். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, அதாவது சொந்தப் பயன்பாட்டு வண்டி. அதைக் கண்டும் காணாதவனாக ஏறினேன். ஊரைவிட்டு வெளியே வரவே ஒரு மணி நேரமாயிற்று. காவல்கிணற்றை நெருங்கும்போது ஓட்டுநருக்கு ஓர் அழைப்பு வந்தது. முன்னால் வண்டிச் சோதனை நடக்கிறது, இனி போக முடியாது என்று சொல்லி நான்கு பேரையும் சாலையோரத்தில் இறக்கிவிட்டார். மன்றாடிய பிறகு ஆளுக்கு இருநூறு ரூபாய் திருப்பிக் கொடுத்தார். எங்களோடு இறங்கிய ஓர் அம்மாள் கைக்குழந்தையோடு இருந்தாள், அவளுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாடகைக்கு ஏறுகிற கார் மஞ்சள் பலகையோடு இருக்கிறதா என்று ஏறுமுன் பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது, விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதிலும் சிக்கல் வரும். நான்கைந்து பேராகப் போனால் முறையான வாடகைக் கார் தலைக்கு அதிகமாக வராது. ஆனால் ஒருவழிப் பயணத்துக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் பேட்டாவும் நாங்குநேரிச் சுங்கச்சாவடிக் கட்டணமும் அதில் சேர்ந்ததா, கடற்கரையில் காத்திருப்புக்குத் தனித் தொகை உண்டா என்பதை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். திருநெல்வேலி–குமரி சாலைத் தூரம் ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீட்டர்தான் என்பதால், குறைந்தபட்சத் தூரம் அதைவிட அதிகமாக இருந்தால் ஓடாத தூரத்துக்கும் நீங்கள் பணம் கொடுப்பீர்கள்.

காவல்கிணற்றில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வரும் பேருந்துகள் நான்குவழிச் சாலையில் ஏறி, கை காட்டியும் நிற்காமல் பறந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாகர்கோவிலில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குகிறவர்களுக்காக இடைநில்லாமல் ஓடும் 'எண்ட் டு எண்ட்' வண்டிகள் அவை. பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி என ஊருக்குள் நுழைந்து வரும் வண்டிகள்தாம் இடையில் ஏறுகிறவர்களுக்கு. எந்தப் பேருந்தானாலும் அது ஊருக்குள் போகுமா, புறவழியில் போகுமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இது தெரியாமல் வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் சீட்டுக் கேட்டு, இரவில் புறவழிச் சாலையில் இறங்கி இருட்டில் நடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு ஒரு ஊர் வண்டி நின்றது. இருக்கை கிடைத்ததும், முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் கண்ணுக்கு மறையும் முன்பே தூங்கிப்போனேன். திருநெல்வேலியில் மறுபடி வண்டி மாறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கியபோது இரவு எட்டரை தாண்டியிருந்தது.

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டு அக்காதான் சொன்னாள், காலையிலிருந்து காப்பித் தண்ணீரைத் தவிர அவள் எதுவும் தொடவில்லையாம். கொடுக்கப் போன பிள்ளை வீடு திரும்பிப் படையல் வைக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று இருந்திருக்கிறாள். காலையில் சமைத்து வைத்திருந்ததை அந்த நேரத்தில் இலையில் போட்டு, அப்பா படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டு இருவரும் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அன்றைய அலைச்சலைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க அப்பா திருநெவேலிக்கே போவமாட்டாவளே. சேர்மாதேவில எறங்கி, களக்காட்டு வண்டி புடிச்சு, ஏர்வாடி வழியா வள்ளியூர் போயிருவாவ. அங்கன அஞ்சுகிராமம் வழியா கொமரிக்குப் போற பஸ் நிக்கும்னு சொல்லுவாவ. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா" என்றாள்.

வரைபடத்தைப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவன் முதலில் கிழக்கே திருநெல்வேலிக்குப் போய், பிறகு தெற்கே திரும்பி வருவது சுற்று வழி. அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி வட்டாரத்தவர்களுக்கு மலையடிவாரத்தை ஒட்டிய களக்காட்டுச் சாலைதான் நேர்வழி. அப்பா நாகர்கோவிலின் நெரிசலுக்குள்ளும் நுழையாமல், கிழக்கிலிருந்து அஞ்சுகிராமம் வழியாக ஊருக்குள் போயிருக்கிறார். பேருந்துகள் நேரம் பார்த்துத்தான் கிடைக்கும், ஆகவே சேரன்மகாதேவியிலும் வள்ளியூரிலும் காலை வண்டிகளின் நேரத்தை முன்பே விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி நகரத்தில் இருப்பவர்களுக்கோ, நேரே கன்னியாகுமரி வரை போகும் ரயில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு, இல்லாவிட்டால் புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் எண்ட் டு எண்ட். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் பெருங்கூட்டமாகக் குமரிக்கு வருவதால், அந்த மாதங்களில் எந்த வழியானாலும் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தை அமாவாசைக்கு நான் அப்பாவின் வழியில் போனேன். சேரன்மகாதேவியில் ஒருமுறை, களக்காட்டில் ஒருமுறை, வள்ளியூரில் ஒருமுறை வண்டி மாறினேன். மூன்று இடத்திலும் பத்து இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. களக்காட்டில் தேநீர் குடிக்கும்போது, கடைக்காரர் என் தோளில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்துவிட்டு, "கொமரிக்கா அண்ணாச்சி, வள்ளியூர் வண்டி அந்தா நிக்கி" என்று கை காட்டினார். போகவர இருநூற்று நாற்பது ரூபாய் ஆனது. ஒன்றே முக்கால் மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா இலையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.